காலநிலை மாற்றமும் நகரத் திட்டமும்: மொன்றியால் தரும் பாடம்

கனடா என்றவுடன் உறைபனியும் கடுங்குளிருமே உலகத் தமிழர்கள் பலரது நினைவுக்கு வரும். ஆனால் அந்நாட்டின் இரண்டாவது பெரிய நகரமான மொன்றியாலில், 2018 ஆம் ஆண்டு ஜூன் இறுதியிலும் ஜூலை முதல் வாரத்திலும் வீசிய வெப்ப அலையில் 66 பேர் உயிரிழந்தனர். ஜூலை 2 ஆம் தேதி மெக்கில் பல்கலைக்கழக வானிலை நிலையத்தில் பதிவான வெப்பநிலை 36.6 பாகை செல்சியஸ். அந்த நிலையத்தில் பதிவுகள் தொடங்கிய ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டில் அதற்கு முன் அவ்வளவு வெப்பம் பதிவானதில்லை.

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ வாழ்ந்தவர்களுக்கு 36 பாகை என்பது ஒரு சாதாரணக் கோடை நாள். அந்த வெப்பம் மொன்றியாலில் இத்தனை பேரின் உயிரைப் பறித்தது எப்படி என்ற கேள்விக்கு வானிலை அறிக்கையில் முழு விடை இல்லை. வீடுகள் எப்படிக் கட்டப்பட்டுள்ளன, தெருக்களில் மரங்கள் உள்ளனவா, கூரைகள் என்ன நிறம், மூன்றாம் மாடியில் தனியே வசிக்கும் முதியவரின் கதவை யாராவது தட்டினார்களா என்பவற்றில் விடையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. இவற்றில் பலவும் உள்ளூராட்சி மன்றங்கள் எடுக்கும், அல்லது எடுக்கத் தவறும், முடிவுகளைப் பொறுத்தவை.

காலநிலை மாற்றத்தைத் தடுப்பது பற்றிய பேச்சுவார்த்தைகள் நாடுகளுக்கு இடையே நடக்கின்றன. ஏற்கெனவே வந்துவிட்ட மாற்றத்தோடு வாழப் பழகுவது, அதாவது தகவமைதல் என்று வல்லுநர்கள் குறிப்பிடும் பணி, பெரும்பாலும் நகர மன்றங்களின் தலையிலேயே விழுகிறது. அப்பணியை ஒரு நகரம் எவ்வாறு மேற்கொள்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பதை அறிய மொன்றியால் நல்லதொரு எடுத்துக்காட்டு.

எண்ணிக்கையில் தொடங்கிய திட்டம்

வெப்பத்தால் ஏற்படும் மரணம் எளிதில் கண்ணுக்குத் தெரிவதில்லை. வெள்ளத்தில் மூழ்கியவரின் மரணத்துக்குக் காரணம் வெள்ளம் என்று எவரும் சொல்லிவிடலாம். வெப்ப அலையின்போது வீட்டில் இறந்து கிடக்கும் முதியவரின் மரணச் சான்றிதழில் மாரடைப்பு என்றோ சிறுநீரகச் செயலிழப்பு என்றோதான் எழுதப்படும். ஆகவே வெப்பத்தின் பங்கு என்ன என்பதைத் தனியாக விசாரித்தாலன்றி எண்ணிக்கை தெரியவராது.

மொன்றியாலில் அந்த விசாரணை நடக்கிறது. கியூபெக் மாகாணத்தின் பொதுச் சுகாதாரச் சட்டம், பிராந்தியப் பொதுச் சுகாதார இயக்குநருக்கு இத்தகைய சூழல்களில் விசாரணை நடத்தும் அதிகாரத்தை அளிக்கிறது. 2010 ஜூலையில் வீசிய வெப்ப அலையில் மொன்றியாலில் 106 மரணங்கள் வெப்பத்தோடு தொடர்புடையவையாக இருக்கக்கூடும் என்று கண்டறியப்பட்டது இதன் மூலமே. 2018 இன் 66 மரணங்களும் அவ்வாறே ஒவ்வொன்றாக ஆராயப்பட்டன.

அந்த ஆய்வு தெரிவித்த விவரங்கள் நகரத் திட்டமிடுவோருக்கு முக்கியமானவை. இறந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் 65 வயதைக் கடந்தவர்கள். பெரும்பாலானோர் தமது வீட்டிலேயே இறந்தனர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரின் முகவரிகள் வெப்பத் தீவுகள் எனப்படும் பகுதிகளில் இருந்தன. நகர மக்கள்தொகையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாக இருக்கும் மனச்சிதைவு நோயாளிகள், இறந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காக இருந்தனர். அந்நோய்க்கு அளிக்கப்படும் சில மருந்துகள் உடல் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளும் ஆற்றலைக் குறைப்பவை என்பதும், நோயாளிகள் பலர் தனிமையிலும் வறுமையிலும் வாழ்பவர்கள் என்பதும் இதற்கான காரணங்களாகச் சுட்டிக்காட்டப்படுகின்றன.

வெப்ப அலைக்கான அவசரச் செயற்திட்டம் ஒன்று மொன்றியாலில் 2004 முதலே இருந்து வருகிறது. மூன்று நாட்களின் சராசரியில் பகல் உச்ச வெப்பநிலை 33 பாகையையும், இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை 20 பாகையையும் எட்டும் என்று எதிர்பார்க்கப்பட்டால், அல்லது தொடர்ந்து இரண்டு இரவுகள் வெப்பநிலை 25 பாகைக்குக் கீழே இறங்காவிட்டால், தலையீட்டுக் கட்டம் தொடங்குகிறது. இரவு வெப்பநிலைக்கு இவ்வளவு முக்கியத்துவம் தரப்படுவதற்குக் காரணம் உண்டு. பகலில் சூடேறிய உடல் இரவில் ஓய்வு பெறாவிட்டால் இரண்டாம், மூன்றாம் நாட்களில்தான் மரணங்கள் பெருகுகின்றன.

தலையீட்டுக் கட்டத்தில் நீச்சல் குளங்களும் குளிரூட்டப்பட்ட நூலகங்களும் கூடுதல் நேரம் திறந்து வைக்கப்படுகின்றன. தீயணைப்புப் படையினரும் ஏனைய நகர ஊழியர்களும் அபாயம் மிகுந்த பகுதிகளில் வீடு வீடாகச் செல்கின்றனர். இந்தத் திட்டம் வெப்ப நாட்களில் ஏற்படும் மரணங்களைக் குறைத்திருக்கிறது என்றும், முதியோரிடையே அதன் பயன் அதிகம் என்றும் 2016 இல் வெளியான ஆய்வொன்று கணித்தது.

ஆனால் கதவைத் தட்டுவது அவசரகாலப் பணி. ஒரே பகுதிகளில் மீண்டும் மீண்டும் கதவைத் தட்ட வேண்டியிருப்பது ஏன் என்ற கேள்விதான் நகரத் திட்டமிடலுக்கு இட்டுச் செல்கிறது.

ஒரே வெயில், இருவேறு தெருக்கள்

தார்ச் சாலையும், கொங்கிரீட் சுவரும், கறுப்பு நிறத் தட்டைக் கூரையும் பகல் முழுவதும் வெப்பத்தை உள்வாங்கி, இரவில் அதனை வெளிவிடுகின்றன. மரமும் புல்லும் நிழல் தருவதோடு, நீராவியை வெளியிட்டுக் காற்றைக் குளிர்விக்கின்றன. ஒரே நகரத்தின் இரு பகுதிகளில், ஒரே நேரத்தில், நிலப்பரப்பின் வெப்பநிலை பத்துப் பாகைக்கும் மேல் வேறுபடலாம். வெப்பம் மிகுந்த இத்தகைய திட்டுக்களே வெப்பத் தீவுகள். கியூபெக்கின் பொதுச் சுகாதார நிறுவனம் செய்மதிப் படங்களின் உதவியோடு இவற்றின் வரைபடங்களைத் தயாரித்து வெளியிட்டிருக்கிறது.

மொன்றியால் தமிழர்களுக்கு நன்கு பழக்கமான பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதி இந்த வரைபடங்களில் தெளிவாகத் தெரியும் இடங்களில் ஒன்று. முன்னர் கிரேக்கக் குடியேறிகள் நிறைந்திருந்த இப்பகுதியில், பின்னர் இலங்கைத் தமிழர்களும், இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ் நாடுகளிலிருந்து வந்தவர்களும் குடியேறினர். ஏறத்தாழ 1.6 சதுர கிலோமீட்டர் பரப்பில் 28,000 க்கும் மேற்பட்டோர் வசிப்பதாக 2016 ஆம் ஆண்டின் குடித்தொகைக் கணக்கெடுப்பு காட்டியது. பெரும்பாலானோர் வாடகைக் குடியிருப்புகளில் வாழ்பவர்கள். கனடாவிலேயே மிகவும் நெருக்கமான, வருமானம் குறைந்த நகர்ப்புறப் பகுதிகளில் ஒன்றாக இது கருதப்படுகிறது.

இதன் மேற்கு எல்லையில் லக்காடி என்ற பெருவீதி ஓடுகிறது. வீதியின் மறுபக்கம் மவுண்ட் ரோயல் என்ற தனி நகரசபை. 1912 இல் ரயில்வே நிறுவனம் ஒன்றுக்காக, நிலத்தோற்ற வடிவமைப்பாளர் பிரெடரிக் டாட் தோட்ட நகரமாகத் திட்டமிட்ட ஊர் அது. அகன்ற புல்வெளிகள், ஓங்கிய மரங்கள், வசதி படைத்த குடும்பங்கள். இரு பகுதிகளுக்கும் இடையே 1960 இல் போடப்பட்ட கம்பி வேலி, சமூகப் பிளவின் சின்னமாகப் பல தசாப்தங்கள் விவாதிக்கப்பட்டு வந்தது.

வெப்ப வரைபடத்தில் அந்தப் பெருவீதி ஒரு எல்லைக்கோடு போலத் தென்படுகிறது. இரு பக்கத்திலும் காய்வது ஒரே வெயில்தான். நூறு ஆண்டுகளுக்கு முன் எடுக்கப்பட்ட திட்டமிடல் முடிவுகளே ஒரு பக்கத்தில் நிழலாகவும் மறுபக்கத்தில் அனலாகவும் இன்று உணரப்படுகின்றன. இன்று எடுக்கப்படும் முடிவுகளும் அவ்வாறே பல தலைமுறைகளுக்கு நிலைத்திருக்கும் என்பதுதான் இதிலுள்ள பாடம்.

யாருக்கு என்ன அதிகாரம்?

மொன்றியாலின் ஆட்சி அமைப்பு சற்றுச் சிக்கலானது. 2002 இல் தீவிலுள்ள எல்லா நகரசபைகளும் ஒரே மாநகரமாக இணைக்கப்பட்டன. பின்னர் 2004 இல் நடந்த வாக்கெடுப்புகளின்படி, மவுண்ட் ரோயல் உட்பட 15 ஊர்கள் 2006 இல் மீண்டும் தனி நகரசபைகளாகப் பிரிந்தன. எஞ்சிய மாநகரம் 19 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் தெரிவுசெய்யப்பட்ட தனி மன்றத்தைக் கொண்டுள்ளது. குடிநீர், கழிவுநீர், தீயணைப்பு, காவல் போன்ற பணிகளை முழுத் தீவுக்கும் பொதுவான ஒரு கூட்டு மன்றம் கவனிக்கிறது. அதற்கும் மேலே, தீவைச் சுற்றியுள்ள ஊர்களையும் உள்ளடக்கி 82 நகரசபைகள் கொண்ட பெருநகரச் சமூகம் நிலப் பயன்பாட்டின் பெரும் வரையறைகளை வகுக்கிறது.

நகரசபைகளை உருவாக்குவதும் கலைப்பதும், வரி விதிக்கும் உரிமையை அவற்றுக்கு வழங்குவதும் மாகாண அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. வாடகைச் சட்டம், மருத்துவம், வெள்ள அபாய வரைபடம் ஆகியனவும் மாகாணத்தின் கையில். ஆகவே ஒரு தெருவைக் குளிர்விக்க வேண்டுமானால், மரத்தை வட்டார மன்றம் நட வேண்டும், தெருவின் கீழுள்ள குழாயை மாநகரம் மாற்ற வேண்டும், பணத்தின் ஒரு பகுதியை மாகாணமும் மத்திய அரசும் தர வேண்டும்.

இந்தச் சிக்கலுக்கு ஒரு நன்மையும் உண்டு. சிறிய மன்றம் ஒன்று துணிந்து ஒன்றைச் செய்து பார்க்கலாம். ரோஸ்மோன் லா பெத்தீத் பத்ரி என்ற வட்டாரம், தட்டைக் கூரைகளை மாற்றும்போது வெண்ணிறக் கூரையோ பசுமைக் கூரையோதான் அமைக்க வேண்டும் என்று 2011 இல் விதி இயற்றியது. பழைய கூரை சேதமடைந்து எப்படியும் மாற்றப்படும் தருணத்தில் மட்டுமே அவ்விதி பொருந்தும் என்பதால் உரிமையாளர்களுக்குப் பெரிய கூடுதல் செலவு இல்லை. ஆண்டுதோறும் ஒரு பகுதிக் கூரைகள் நிறம் மாறிக்கொண்டே வருகின்றன. தகவமைதல் என்பது எப்போதும் பிரம்மாண்டமான கட்டுமானமாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

திட்டங்களும் மரங்களும்

முழுத் தீவுக்குமான முதலாவது தகவமைதல் திட்டம் 2015 இல் வெளியானது. சராசரி வெப்பநிலை உயர்வு, கனமழை, வெப்ப அலை, நாசம் விளைவிக்கும் புயல், வறட்சி, நதி வெள்ளம் என்று ஆறு அபாயங்களை அது வரையறுத்தது. எந்தத் தெருவில் எந்த அபாயம் அதிகம் என்பதைக் காட்டும் வரைபடங்கள் அதன் முக்கியமான பகுதியாக அமைந்தன.

அதனைத் தொடர்ந்து, அப்போது மேயராக இருந்த வலேரி பிளாண்டின் நிர்வாகம் 2020 டிசம்பரில், 2030 வரையிலான காலநிலைத் திட்டத்தை வெளியிட்டது. 46 நடவடிக்கைகள் கொண்ட அத்திட்டம், பசுமை இல்ல வாயுக்களின் வெளியேற்றத்தை 2030 க்குள் 1990 இன் அளவிலிருந்து 55 சதவீதம் குறைப்பதென்றும், 500,000 மரங்களை நடுவதென்றும் இலக்கு வைத்தது. நகர மன்றம் எடுக்கும் முடிவுகளை அவற்றின் காலநிலை விளைவைக் கொண்டு சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற ஏற்பாடும் அதில் இருந்தது.

ஐந்து லட்சம் மரங்கள் என்ற அறிவிப்பு கேட்பதற்கு இனிமையானது. ஆனால் நடைமுறை அவ்வளவு எளிதல்ல. மரம் மிகவும் தேவைப்படும் நெருக்கமான பகுதிகளில்தான் அதை நட மண் இல்லை. நடைபாதையை உடைத்து, எரிவாயு, நீர், மின் இணைப்புகளுக்கு இடையே வேருக்கு இடம் தேட வேண்டும். நட்ட கன்று பயனுள்ள நிழல் தர இருபது ஆண்டுகளாவது ஆகும். பெரும் பூங்காவில் ஆயிரம் கன்றுகளை நட்டால் கணக்கு உயரும். வெப்பத் தீவில் வசிப்பவருக்கு நிழல் கிடைக்காது.

மரங்களுக்கும் அபாயங்கள் உண்டு. சாம்பல் மரங்களைத் தாக்கும் மரகதத் துளைப்பான் என்ற ஆசிய வண்டு 2011 இல் மொன்றியாலில் கண்டறியப்பட்டது. தெருவோரங்களில் அந்த ஒரே இனம் பெருமளவில் நடப்பட்டிருந்ததால், பல்லாயிரக் கணக்கான மரங்களை வெட்ட வேண்டியதாயிற்று. பல இன மரங்களைக் கலந்து நட வேண்டும் என்ற பாடத்தை நகரம் அதிக விலை கொடுத்துக் கற்றது. 2023 ஏப்ரலில் பெய்த உறைமழையில் பனிக்கட்டியின் பாரம் தாங்காது கிளைகள் மின்கம்பிகள் மீது முறிந்து விழ, மாகாணத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின் வாடிக்கையாளர்கள் இருளில் தவித்தனர். கோடையின் காவலனாகிய மரமே குளிர்காலத்தில் ஆபத்தாகவும் மாறலாம் என்பதால், மின்கம்பிகளை நிலத்துக்கடியில் கொண்டு செல்வது போன்ற செலவு மிகுந்த கேள்விகளும் எழுகின்றன.

நகரின் பின்சந்துகளில் அயலவர்கள் ஒன்றுகூடித் தார்ப் பரப்பை அகற்றிச் செடிகள் வளர்க்கும் பசுமைச் சந்துகள் 400 க்கும் மேல் உருவாகியுள்ளன. இவற்றுக்கு வட்டார மன்றங்கள் உதவுகின்றன. ஆயினும் விண்ணப்பம் எழுதவும் கூட்டம் கூட்டவும் நேரமும் பிரெஞ்சு மொழித் திறனும் உள்ள தெருக்களே இத்தகைய திட்டங்களில் முந்திக்கொள்ளும் வாய்ப்பு அதிகம்.

மேலிருந்து வரும் நீர், கீழிருந்து எழும் நீர்

வெப்பத்தை அடுத்து மொன்றியாலை அச்சுறுத்துவது நீர். 1987 ஜூலை 14 இல் சுமார் இரண்டரை மணி நேரத்தில் 100 மில்லிமீட்டருக்கும் அதிகமான மழை கொட்டியது. நிலமட்டத்துக்குக் கீழே தோண்டி அமைக்கப்பட்ட டெக்காரி நெடுஞ்சாலை வாகனங்களோடு மூழ்கியது. இருவர் உயிரிழந்தனர். 37 ஆண்டுகளுக்குப் பின், 2024 ஆகஸ்ட் 9 இல், டெபி சூறாவளியின் எச்சம் ஒரே நாளில் 150 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பொழிந்தது. அது ஆகஸ்ட் மாதம் முழுவதும் வழக்கமாகப் பெய்யும் மழையை விட அதிகம். காப்புறுதி செய்யப்பட்ட சொத்துக்களுக்கு மாகாணம் முழுவதிலும் ஏற்பட்ட இழப்பு சுமார் 250 கோடி கனேடிய டாலர் என்று மதிப்பிடப்பட்டது. 1998 இன் பனிப்புயல் ஏற்படுத்திய இழப்பையும் அது மிஞ்சியது.

இத்தகைய மழையில் மொன்றியால்வாசிகள் அஞ்சுவது ஆற்றை விடத் தமது வீட்டுக் கழிவுக் குழாயைத்தான். நகரின் பழைய பகுதிகளில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. கனமழையில் அக்குழாய் நிரம்பியதும் கழிவுநீர் பின்னோக்கி எழுந்து, நிலக்கீழ் அறைகளின் தரைத் துவாரங்கள் வழியே உள்ளே புகுகிறது. மொன்றியாலில் நிலக்கீழ் அறை என்பது வெறும் களஞ்சியம் அல்ல. வாடகை குறைவு என்பதால் பல குடும்பங்கள், புதிதாக வந்த குடியேறிகள் உட்பட, அங்கேதான் வசிக்கின்றன. நீர் பின்னோக்கி வருவதைத் தடுக்கும் வால்வைக் கட்டிடங்களில் பொருத்த வேண்டும் என்று மாநகரம் 2011 இல் விதி கொண்டுவந்தது. வால்வைப் பொருத்துவதும் பராமரிப்பதும் உரிமையாளரின் பொறுப்பு. நனைவது பெரும்பாலும் வாடகைக்கு இருப்பவரின் உடைமை.

எவ்வளவு பெரிய குழாய் போட்டாலும் எல்லா மழையையும் அது தாங்காது. பொதுவாக நகரக் குழாய்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய மழையைக் கணக்கிட்டே அமைக்கப்படுகின்றன. அதற்கு மேற்பட்ட நீரை எங்கே நிறுத்தி வைப்பது? இங்கேதான் பஞ்சு நகரம் என்ற எண்ணக்கரு வருகிறது. மழை பெய்யும்போது சதுக்கமோ பூங்காவோ தற்காலிகக் குளமாக மாறி நீரைத் தாங்கிக்கொள்ளும். பின்னர் மெதுவாக மண்ணுக்கோ குழாய்க்கோ விடும். மவுண்ட் ரோயல் அவென்யூவில் முன்பு எரிபொருள் நிலையம் இருந்த மனையில், 2022 இல் இத்தகைய சதுக்கம் ஒன்று திறக்கப்பட்டது. 2024 இல் மாநகரம் மேலும் 30 பஞ்சுப் பூங்காக்களையும் 400 பஞ்சு நடைபாதைகளையும் அமைக்கப்போவதாக அறிவித்தது. நடைபாதை விளிம்பில் செடிகள் நிறைந்த பள்ளங்களை அமைத்து, தெருநீரை அதற்குள் வழிய விடுவதே பஞ்சு நடைபாதை. குழாயின் சுமையைக் குறைக்கும் அதே பள்ளம் கோடையில் தெருவையும் குளிர்விக்கிறது.

ஆற்று வெள்ளம் வேறு வகையானது. 2017 மே மாதத்திலும் 2019 ஏப்ரலிலும் ஒட்டாவா ஆற்றுப் பெருக்கு தீவின் வடமேற்கு ஓரத்தை மூழ்கடிக்க, மாநகரம் இரு முறையும் அவசரகால நிலையை அறிவித்தது. 2017 இல் மோசமாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளில் ஒன்றான பியர்ஃபோன் வட்டாரத்தின் மேற்கில், சதுப்பும் புல்வெளியும் கொண்ட நிலத்தில் ஏறத்தாழ 5,500 வீடுகளைக் கட்டும் திட்டம் ஒன்று அப்போது நிலுவையில் இருந்தது. மாநகரம் அதனைக் கைவிட்டு, 2019 இல் அங்கே 140 ஹெக்டேர் நிலத்தை 7 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கி, மேற்குப் பெரும் பூங்காவின் பகுதியாக்கியது. தகவமைதலில் சில வேளைகளில் மிக முக்கியமான முடிவு, எதைக் கட்டுவது என்பதை விட எதைக் கட்டாமல் விடுவது என்பதாக இருக்கிறது. ஆயினும் நகரசபைகளின் வருமானத்தில் பெரும்பகுதி சொத்து வரி என்பதால், கட்டாமல் விடும் ஒவ்வொரு மனையும் எதிர்கால வருமான இழப்பு. இந்த முரண்பாடு எல்லா நகரசபைகளுக்கும் பொதுவானது.

நிழல் வந்தால் வாடகையும் உயருமா?

பார்க் எக்ஸ்டென்ஷனின் தெற்கே, ஊத்ரமோன் வட்டாரத்திலுள்ள பழைய ரயில் முற்றத்தில், மொன்றியால் பல்கலைக்கழகத்தின் புதிய அறிவியல் வளாகம் 2019 இல் திறக்கப்பட்டது. மழைநீரைத் தாங்கும் வகையில் வடிவமைக்கப்பட்ட பூங்காவோடும், மரங்களோடும், புதிய குடியிருப்புகளோடும் அப்பகுதி மாறியது. திட்டமிடலின் பார்வையில் இது பாராட்டத்தக்க முன்னேற்றம். ஆனால் வளாகம் வந்த பின்னர் வாடகைகள் உயர்ந்து, நீண்டகாலக் குடியிருப்பாளர்கள் வெளியேற்றப்படுவதாக அப்பகுதியின் வாடகைதாரர் அமைப்புகள் தொடர்ந்து முறையிட்டு வந்துள்ளன.

ஆய்வாளர்கள் இதனைப் பசுமை இடப்பெயர்வு என்று அழைக்கின்றனர். தெரு அழகாகிறது, மனையின் மதிப்பு உயர்கிறது, அனலைப் பல ஆண்டுகள் தாங்கியவர் நிழல் வரும்போது அங்கே இருப்பதில்லை. அவர் குடிபெயரும் இடம் மற்றொரு வெப்பத் தீவாக இருந்தால், வரைபடம் குளிர்ந்திருக்கும், அவரது நிலைமை மாறியிருக்காது.

இதைத் தடுக்கும் கருவிகளில் முக்கியமானவை நகர மன்றத்திடம் இல்லை. வாடகைத் தகராறுகளை மாகாணத்தின் தீர்ப்பாயம் விசாரிக்கிறது. சமூக வீட்டுவசதிக்கான நிதியில் பெரும்பங்கு மேல்நிலை அரசுகளிடமிருந்து வர வேண்டும். கட்டிடத் தர விதிகள் குளிர்நாட்டின் அனுபவத்திலிருந்து எழுதப்பட்டவை. குளிர்காலத்தில் வீட்டின் வெப்பம் எவ்வளவுக்குக் குறையக்கூடாது என்ற விதி நெடுங்காலமாக உண்டு. கோடையில் எவ்வளவுக்கு மேல் உயரக்கூடாது என்ற விவாதம் கனேடிய நகரங்களில் அண்மையில்தான் சூடுபிடித்துள்ளது. ஆகவே மரம் நடுவதோடு வாடகைப் பாதுகாப்பையும் இணைக்காத திட்டம், யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களையே தவறவிடக்கூடும் என்ற விமர்சனத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

தாயக நகரங்களின் நிலை

மொன்றியாலின் அனுபவம் வசதியான நாடொன்றின் அனுபவம். இருப்பினும் அதன் சில கூறுகள் தெற்காசியாவுக்குப் புதியவை அல்ல. மொன்றியாலில் 106 பேர் இறந்த அதே 2010 இல், மே மாதத்தில், இந்தியாவின் அகமதாபாத் நகரம் கடும் வெப்ப அலையைச் சந்தித்தது. வழக்கத்தை விட 1,300 க்கும் மேற்பட்ட மரணங்கள் கூடுதலாக நிகழ்ந்ததாகப் பின்னர் ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். அந்த அனுபவத்திலிருந்து அகமதாபாத் மாநகராட்சி 2013 இல் வெப்பச் செயற்திட்டத்தை உருவாக்கியது. தெற்காசிய நகரம் ஒன்றில் அதுவே முதலாவது.

தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்போரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் வழங்க வழி செய்தது. நிவாரணம் பெற வேண்டுமானால் மரணம் வெப்பத்தால் நேர்ந்தது என்பது பதிவாக வேண்டும். அந்த வகையில் இந்த அறிவிப்பு, எண்ணிக்கையைச் சரியாக எடுக்கும் தேவையையும் உருவாக்கியிருக்கிறது.

சென்னை மாநகராட்சி 2023 இல் தனது காலநிலைச் செயற்திட்டத்தை வெளியிட்டது. பஞ்சுப் பூங்காக்களையும் அமைத்து வருகிறது. எனினும் 2015 டிசம்பர் வெள்ளமும், 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலும் காட்டியது போல, மழைநீர் வடிகால் மாநகராட்சியிடம், கழிவுநீர் குடிநீர் வாரியத்திடம், ஆறுகளும் ஏரிகளும் மாநில நீர்வளத்துறையிடம், நிலப் பயன்பாட்டுத் திட்டம் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம் என்று அதிகாரம் சிதறிக் கிடக்கிறது. நீரை நிறுத்தி வைக்கும் வித்தை தமிழ் நிலத்துக்குப் புதிதல்ல. ஓர் ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்கு வழியும் சங்கிலி அமைப்பின் மீதுதான் சென்னையின் புறநகர்கள் எழுந்துள்ளன. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022 இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது, அதன் பழைய பரப்பில் பெரும்பகுதி ஏற்கெனவே கட்டிடங்களாகவும் குப்பைமேடாகவும் மாறிவிட்டிருந்தது.

இலங்கையில், கொழும்பு நகரம் தனது ஈரநிலங்களுக்காக 2018 இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரத்தைப் பெற்றது. வற்றாத ஆறுகள் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் மழைநீரைத் தாங்கி நிலத்தடிக்கு அனுப்புபவை குளங்களே. அவற்றைத் தூர்வாரிப் பாதுகாப்பது உள்ளூராட்சி மன்றங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய தகவமைதல் பணியாக இருக்க முடியும்.

ஆனால் அதற்கு முதலில் அந்த மன்றங்கள் இருக்க வேண்டும். சென்னை மாநகராட்சியில் 2016 அக்டோபர் முதல் 2022 வரை தெரிவுசெய்யப்பட்ட மன்றமே இருக்கவில்லை. இலங்கையில் 2018 இல் தெரிவான உள்ளூராட்சி மன்றங்களின் காலம் 2023 மார்ச்சில் முடிந்த பின்னர், அடுத்த தேர்தல் 2025 மே மாதத்தில்தான் நடந்தது. தெருவின் குறையைச் சொல்ல உறுப்பினர் எவரும் இல்லாத ஆண்டுகளில், திட்டம் யாருடைய தெருவைப் பற்றிப் பேசும் என்ற கேள்வி எழுவது இயல்பு.

அடுத்து என்ன?

மொன்றியால் 2050 வரையிலான புதிய நகரமைப்பு மற்றும் போக்குவரத்துத் திட்டத்தை 2025 இல் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில் நடந்த தேர்தலில் ஆட்சி மாறி, சொராயா மார்ட்டினெஸ் ஃபெராடா மேயராகத் தெரிவானார். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வாக்காளரைச் சந்திக்கும் மன்றங்கள், நாற்பது ஆண்டுகள் கழித்துப் பயன் தரும் மரங்களையும் குழாய்களையும் பற்றி முடிவெடுக்க வேண்டியிருப்பது இத்துறையின் தீராத சிக்கல். விதிகளாகவும் சட்டங்களாகவும் எழுதப்பட்டவை ஆட்சி மாற்றத்தைத் தாண்டி நிலைக்கக்கூடும். அறிவிப்புகளாக மட்டும் இருப்பவை வரவுசெலவுத் திட்டத்தில் முதலில் வெட்டப்படும்.

மொன்றியால் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. 2010 க்குப் பின்னரும் 2018 வந்தது. 1987 க்குப் பின்னரும் 2024 வந்தது. இருப்பினும், இறந்தவர் யார், எந்த முகவரியில், எந்த மாடியில் என்று விசாரித்துப் பதிவு செய்யும் வழக்கம் அங்கே இருப்பதால், எந்தத் தெருவில் முதலில் தாரை உடைக்க வேண்டும், எந்தக் கதவை முதலில் தட்ட வேண்டும் என்பதை ஆதாரத்தோடு கேட்க முடிகிறது. பெரும் நிதி இல்லாத நகரங்களும் இதைத் தொடங்கலாம். ஒரு வெப்ப அலை முடிந்த மறுவாரம், நகர மன்றம் தனது மரணப் பதிவேட்டைத் தெரு வாரியாகப் புரட்டிப் பார்ப்பதற்கு அதிகச் செலவு ஆகாது.